ஒட்டுப்போட்ட கேமரா, கொல்லைப்புறத்து அணில்: மயிலாப்பூர் மா. கிருஷ்ணன் எப்படிப் படம் எடுத்தார்?

மயிலாப்பூர்க்காரர் ஒருவரின் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர். எந்தக் கடையிலும் அந்தப் பேரில் கேமரா விற்றதில்லை. உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் வேறு வேறு இடத்தில் கிடைத்தவை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தியவர் கேமராவுக்குச் சொந்தக்காரரே.

அசாமில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த இயற்கையியலாளர் இ.பி. ஜீ அந்தக் கேமராவைப் பார்த்திருக்கிறார். வடகிழக்கில் வாழும் தங்கநிற லங்கூர் குரங்கின் அறிவியல் பெயரில் இருப்பது இவருடைய பேர்தான். கேமராவின் பாகங்கள் ஷூ லேஸால் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கம்பி எங்கேயாவது சுற்றியிருக்கத்தான் வேண்டும் என்கிற அர்த்தத்தில் தன் புத்தகத்தில் கிண்டலாக எழுதினார்.

அந்தக் கேமராக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996). இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த முன்னோடி. ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர், கோட்டோவியமும் வரைந்தவர். கையில் போன் இருக்கிற எல்லோரும் போட்டோகிராபர் ஆகிவிட்ட இந்தக் காலத்தில் இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. நல்ல படம் வேண்டும் என்றால் முதலில் எதை மாற்ற வேண்டும், கேமராவையா, பார்வையையா? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

சாந்தோமுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். அப்பா அ. மாதவையா, தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

குடும்பம் மயிலாப்பூரில், அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் குடியிருந்தது. இன்று அதுதான் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. வீட்டுக்குப் பேர் ‘பெருங்குளம் ஹவுஸ்’. பெருங்குளம், மாதவையாவின் நெல்லைச் சீமை ஊர். சாலை கிழக்கே போய்க் கடற்கரையில் முடியும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் சாந்தோம், நடந்து போகிற தூரம்தான்.

இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு மேம்பாலமும் ஹோட்டல்களும் ஆஸ்பத்திரிகளும்தான் கண்ணில் படும். கிருஷ்ணன் சிறுவனாக இருந்தபோது மயிலாப்பூரின் பல பகுதிகள் புதர்க்காடு. பறவைகள், நரிகள் மட்டுமில்லை, வெளிமான்கூட அங்கே இருந்தது. பையன் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். பிற்காலத்தில் முதுமலை யானைகளைப் படம் எடுத்த மனிதருக்கு முதல் பள்ளிக்கூடம் இந்தக் கொல்லைப்புறம்தான்.

1925-ல் மாதவையா திடீரென்று காலமானார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன்பிறகு அவரை ஆளாக்கியதில் பெரிய பங்கு மூத்த அக்கா லட்சுமிக்கு. அண்ணன்களில் ஒருவரான மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அந்த வீட்டில் படித்து முடித்தால் போக வேண்டிய பாதை எது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. கிருஷ்ணன் மட்டும் அந்தப் பாதையில் போகவில்லை.

படித்தது செடிகொடி, கற்றது பார்ப்பது

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தொகுத்து எழுதியவர். ஃபைசன் தம்பதி செடி தேடி மலைக்குப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போவார். திருமதி ஃபைசனிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார்.

இது சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் செடியை வரைகிறவர் சும்மா பார்த்துவிட்டு நகர முடியாது. இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? நரம்பு எப்படிப் பிரிகிறது? பூ மேல்நோக்கி நிற்கிறதா, தொங்குகிறதா? ஒரு கோடு போடுவதற்கு முன்னால் பத்து கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். படம் எடுக்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு நொடியில் கேமரா பதிவு செய்வதை, வரைகிற கை மணிக்கணக்காகத் தேடிப்பிடிக்கிறது. அந்தத் தேடல் பழக்கமானபின் கேமராவைத் தூக்கினால், எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும்.

பி.ஏ.வுக்குப் பின் எம்.ஏ. தாவரவியல், அதற்குப் பின் 1936-ல் சட்டம். பட்டங்கள் சேர்ந்தன, நிலையான வேலை அமையவில்லை. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார், கட்டுரை எழுதினார், சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். 1937-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. வக்கீல் படிப்பு படித்துவிட்டு அணிலையும் காக்காயையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் மயிலாப்பூர் என்ன பேசியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

சந்தூர்: ஆசிரியர், நீதிபதி, புறா வளர்ப்பவர்

1942-ல் வேலை வந்தது, சென்னையில் இல்லை. இன்றைய கர்நாடகத்தில், பெல்லாரிக்குப் பக்கத்தில், சந்தூர் என்கிற சின்ன சமஸ்தானத்தில். மலையும் காடும் சூழ்ந்த ஊர். அங்கே அவர் பள்ளிக்கூட ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்கு அரசியல் செயலர் என்று பல வேலைகள் பார்த்தார்.

மிச்ச நேரம் எல்லாம் காட்டுக்கு. ஆடு மேய்த்துப் பார்த்தார். தபால் கொண்டுபோகிற புறாக்களை வளர்த்துப் பழக்கினார். காட்டுயிர்ப் படம் எடுக்கும் அனுபவத்தைத் தொடர் கட்டுரைகளாக எழுத, ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழ் வெளியிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் காட்டுக்குள் சுற்றுலாப் பயணியாகப் போகவில்லை என்பது. ஏழு வருஷம் அங்கேயே குடியிருந்தார். ஒரு விலங்கு எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் வரும், எந்த நேரத்தில் தண்ணிக்கு இறங்கும், எந்தச் சத்தத்துக்கு ஓடும், எதற்கு ஓடாது என்பதெல்லாம் இரண்டு நாள் பயணத்தில் தெரிகிற விஷயமில்லை.

1949-ல் சந்தூர் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்தது. சமஸ்தானம் போனதும் கிருஷ்ணனின் வேலையும் முடிந்தது. 37 வயதில் அவர் சென்னைக்குத் திரும்பினார். அடுத்து எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். இனி யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை. எழுத்தும் படமும்தான் பிழைப்பு.

46 வருஷம் ஓடிய ஒரு பத்தி

1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் ‘கண்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை ஆரம்பித்தார். பதினைந்து நாளுக்கு ஒன்று. 1996 வரை, 46 வருஷம் ஓடியது. மாதம் இரண்டு என்று கணக்குப் போட்டாலே ஆயிரத்தைத் தாண்டும்.

ஆயிரம் கட்டுரைக்கு விஷயம் எங்கிருந்து வந்தது? புலியும் யானையும் மட்டும் இருந்திருந்தால் சில வருஷத்தில் தீர்ந்துபோயிருக்கும். கிருஷ்ணன் அணிலைப் பற்றி எழுதினார், காக்கையைப் பற்றி எழுதினார், நாட்டு நாயை, ஆட்டை, மரத்தை, மழையைப் பற்றி எழுதினார். கட்டுரையோடு தன் கோட்டோவியத்தையோ போட்டோவையோ சேர்த்து அனுப்புவார். 1961-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவர் புத்தகத்தின் பேரே ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்டு’. காடும் கொல்லைப்புறமும் அவருக்கு ஒரே பாடத்தின் இரண்டு அத்தியாயங்கள்.

உதாரணத்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும். கோடையில் சென்னைத் தெருக்களில் காக்கை ஒன்று, தன் சாயலே இல்லாத குஞ்சு ஒன்றுக்கு இரை ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கதை தெரிந்தவருக்கு அது வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கிற காட்சி. தெரியாதவருக்கு, மரத்தில் ரெண்டு காக்கா. இருவர் கையிலும் ஒரே போன் இருக்கலாம். ஆனால் படம் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

ஒட்டுப்போட்ட கேமரா ஏன்?

சரி, சூப்பர் பாண்டரோசாவுக்கு வருவோம். ஒரு நல்ல கேமராவை வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே?

முதல் காரணம் யாருக்கும் புரியும். வெளிநாட்டில் செய்த கேமராவும் நீள லென்ஸும் அன்று மிக விலை உயர்ந்தவை. இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்த காலம். எழுதிப் பிழைக்கிற ஒருவருக்கு முழு செட்டாக வாங்குவது சுலபமில்லை. கிடைத்ததை வைத்து வேண்டியதைச் செய்துகொள்வதுதான் வழி.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். தூரத்தில் நிற்கிற விலங்கை நெருக்கமாகக் காட்ட நீளமான லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீள நீள, கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பழைய கணக்கு ஒன்று உண்டு. 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால், ஷட்டர் குறைந்தது 400-ல் ஒரு பங்கு நொடிக்குள் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். அவ்வளவு வேகத்துக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். காட்டு மர நிழலில் அது கிடைக்காது. வேகமான பிலிம் போட்டால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த மூன்றுக்கும் நடுவில் சமரசம் செய்வதுதான் காட்டுயிர் போட்டோகிராபரின் அன்றாட வேலை. தன் தேவைக்கேற்ப உடம்பையும் லென்ஸையும் சேர்த்துக்கொண்டவருக்கு, தன் கருவியால் எது முடியும், எது முடியாது என்பது விரல் நுனியில் இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் அப்போது இருந்தது. சுருளில் இருக்கிற படங்களின் எண்ணிக்கை. 35 மி.மீ. பிலிம் என்றால் 36 படம். அகலமான 120 பிலிமில் சதுரப் படமாக எடுத்தால் 12 மட்டும். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்துவதற்கு முன்னும் யோசித்தாக வேண்டும். இன்று போனில் ஒரே காட்சியை 40 தடவை எடுத்துவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் விட்டுவிடுகிறோம். அன்று யோசனை முன்னால், படம் பின்னால்.

யானைமேல் உட்கார்ந்து யானையைப் படம் எடுத்தவர்

லென்ஸ் போதாத இடத்தில் கிருஷ்ணன் தூரத்தைக் குறைத்தார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கப்பட்ட வளர்ப்பு யானையின் முதுகில் ஏறி, காட்டு யானைக் கூட்டத்தின் அருகே போய்ப் படம் எடுத்தார்.

இதில் தர்க்கம் இருக்கிறது. மனிதன் தரையில் நடந்து வந்தால் அந்த உருவமும் வாடையும் காட்டு விலங்குக்கு அபாய அறிவிப்பு. யானைமேல் இருந்தால் யானையின் வாடை மனித வாடையை மறைக்கும், உருவமும் யானையின் உருவத்தோடு கலந்துவிடும். மான், காட்டெருமை, யானை எல்லாம் தங்கள் வேலையைத் தொடர்ந்து பார்க்கும். விலங்கு மிரளாமல் இருந்தால்தான் அதன் உண்மையான நடவடிக்கை படத்தில் வரும். ஓடுகிற விலங்கின் படம், போட்டோகிராபரைப் பார்த்து அது பயந்தது என்பதைத்தான் பதிவு செய்கிறது.

ஆனால் முதுகு ஆடும். முக்காலி வைக்க முடியாது. யானை மூச்சு விட்டாலே கேமரா அசையும். கனத்த கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, அசைவுகளுக்கு நடுவில் வருகிற ஒரு நிதான நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் ஐம்பது வயதை ஒட்டியும் தாண்டியும் செய்தார்.

ஏன் கடைசிவரை கறுப்பு வெள்ளை?

கலர் பிலிம் பரவலான பிறகும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பழமைவாதம் என்று தோன்றலாம். கோட்டோவியம் வரைகிறவரின் கண்ணோடு சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி புரியும்.

நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வடிவம், வெளிச்சம், நிழல், தோலின் சுருக்கம், ரோமத்தின் திசை. யானையின் உடம்பைப் பாருங்கள். அதில் நிறம் பெரிதாக ஒன்றுமில்லை. இருப்பதெல்லாம் மடிப்பும் சுருக்கமும் சேறு காய்ந்த தடமும். கறுப்பு வெள்ளையில் இவைதான் படம். அணிலின் முதுகில் ஓடும் மூன்று வெள்ளைக் கோடுகளும் அப்படித்தான். பின்னணியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தால் கலர் படத்தில் கண் முதலில் வாளிக்குத்தான் போகும். கறுப்பு வெள்ளையில் அணிலுக்குப் போகும்.

கிருஷ்ணனின் படங்களில் விலங்கோடு அது நிற்கிற இடமும் தெரியும். சுற்றியிருக்கும் புல், புதர், மரம் எல்லாம் படத்தில் இருக்கும். தாவரவியல் படித்தவருக்கு அவை வெறும் பின்னணி இல்லை. விலங்கு என்ன தின்னும், எங்கே ஒளியும் என்பதற்கான சாட்சி.

படம் ஆவணம் ஆன கதை

1968-ல் ஜவஹர்லால் நேரு ஃபெலோஷிப் தொடங்கப்பட்டபோது ஆரம்பத்திலேயே அதைப் பெற்றவர்களில் கிருஷ்ணனும் ஒருவர். எடுத்துக்கொண்ட வேலை: தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய கள ஆய்வு. 1959 முதல் 1970 வரையிலான அவதானிப்புகளைத் தொகுத்து எழுதியதை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் புத்தகமாக வெளியிட்டது.

அந்தக் காலகட்டம் முக்கியமானது. வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து விலங்குகளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது 1973-ல். அதாவது, சட்டம் வருவதற்கு முன் காட்டில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போய்க்கொண்டிருந்தது என்பதை நேரில் பார்த்து எழுதி, படமும் எடுத்து வைத்தவர்களில் அவர் ஒருவர். பிறகு புலித் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இந்திய வனவிலங்கு வாரியத்திலும் இடம்பெற்றார். பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இங்கேதான் ‘அமெச்சூர்’ என்கிற வார்த்தையை யோசித்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணன் விலங்கியல் பேராசிரியர் இல்லை, வனத்துறை அதிகாரியும் இல்லை. ஆனாலும் அவர் பதிவு மதிக்கப்பட்டது. ஏன்? படத்தோடு குறிப்பு இருந்தது. எங்கே, எப்போது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்கிற குறிப்பு. குறிப்பு இல்லாத அழகான படம் சுவருக்குத்தான் ஆகும். குறிப்போடு இருக்கிற சுமாரான படம் ஆதாரம் ஆகும்.

ஒரு நாட்டின் அடையாளம் அதன் கலாசாரத்தில் மட்டும் இல்லை, அதன் நிலத்திலும் செடிகொடியிலும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். நம் ஊர் மரத்தின் பேர்கூடத் தெரியாமல் நாட்டுப்பற்று பேசுவதில் அவருக்கு உடன்பாடில்லை. தமிழில் எழுதியதும் இதனால்தான் முக்கியமாகிறது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பேரில் காலச்சுவடு வெளியிட்டது. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார்.

போன் காலத்தில் அவர் வழி

இவர் முறையில் எதைப் போனுக்குக் கொண்டுவர முடியும்? சாந்தோமையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், நடுவில் பேராலயமும் பள்ளிக்கூட மரங்களும், தெற்கே பட்டினப்பாக்கம் தாண்டி அடையாறு ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். பழக இதைவிட வசதியான இடம் அபூர்வம்.

முதலில், ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது. காக்கையோ, அணிலோ, கரையில் நிற்கிற படகோ. ஒரு மாசம் அது மட்டும். பத்து நாளில் சலிக்கும். அதற்குப் பிறகுதான் இதுவரை கண்ணில் படாதது தெரிய ஆரம்பிக்கும். கழுத்து சாம்பலாக இருக்கிற வீட்டுக் காக்கையும், முழுக்கக் கறுப்பான அண்டங்காக்கையும் வேறு வேறு என்பதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும்.

இரண்டாவது, வெளிச்சம். சாந்தோமில் சூரியன் கடலிலிருந்து எழும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், எதிரில் இருக்கும் படகு, முகம், சுவர் எல்லாவற்றிலும் நேர் வெளிச்சம். கடலைப் பார்த்து நின்றால் எல்லாம் நிழலுருவம். ரெண்டுமே நல்ல படம்தான், எது வேண்டும் என்று தெரிந்து நிற்க வேண்டும். சாயங்காலம் சூரியன் ஊர்ப் பக்கம் இறங்குவதால் கட்டடங்களின் நிழல் மணலில் விழும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழிதான் மிஞ்சும்.

மூன்றாவது, வெளிச்ச அளவைப் போனிடம் முழுசாக விடாமல் இருப்பது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்ப்பது கேமராவின் குணம். வெளிறிய வானத்துக்கு எதிரே காக்கையை எடுத்தால் காக்கை கரிக்கட்டி ஆகிவிடும். இருண்ட தண்ணீரில் நிற்கிற வெள்ளைக் கொக்கை எடுத்தால் கொக்கு இறகே தெரியாத வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். திரையில் விலங்கைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை, காக்கைக்கு மேலேயும் கொக்குக்குக் கீழேயும் நகர்த்தினால் போதும்.

நான்காவது, ஜூம். போனில் ஓர் எல்லைக்கு மேல் இரண்டு விரலால் விரிப்பது லென்ஸை நீட்டுவது இல்லை, படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதனால்தான் முகம் மெழுகு பூசின மாதிரி ஆகிறது. யானைமேல் ஏறினவர் செய்ததும் இதற்கு மாற்றுதான்: மிரட்டாமல் கிட்டே போவது. போக முடியாவிட்டால் கொக்கைச் சின்னதாக வைத்து, முகத்துவாரத்தையும் சேர்த்து எடுக்கலாம். அது வாழ்கிற இடமும் படத்தில் வந்துவிடும். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடைப்பதை மட்டும் மறக்கக்கூடாது. கடல் காற்றின் உப்பு ஒரு மணி நேரத்தில் படிந்துவிடும்.

ஐந்தாவது, குறிப்பு. படத்துக்குக் கீழே தேதி, இடம், நடந்தது என்ன என்று இரண்டு வரி. போனே தேதியைச் சேமிக்கும், ஆனால் காக்கை எதைத் தூக்கிக்கொண்டு போனது என்பதைச் சேமிக்காது. ஒரு வருஷம் கழித்து அந்த வரிகள்தான் படங்களை ஒரு கதையாகக் கோக்கும்.

எடுக்கக் கூடாத படமும் உண்டு

நல்ல படத்துக்காக விலங்கைத் தொந்தரவு செய்வது காட்டுயிர் போட்டோகிராபியின் பெரிய பிரச்சினை. போன் வந்தபிறகு அது பல மடங்கு ஆகிவிட்டது. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குத் தடை இருந்தும், யானையோடு செல்ஃபி எடுக்க இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தால், வெயிலும் பருந்தும் குஞ்சை நேராக அடையும். ஜனவரிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகிற பங்குனி ஆமையின் முகத்தில் ஃபிளாஷ் அடித்தால் அது முட்டையிடாமலே திரும்பக்கூடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் தெரிகிற திசையைக் கடல் என்று நினைத்து நகரும். அந்த வெளிச்சம் நம் போனாக இருந்தால் அதன் கதி சாலைதான்.

கிருஷ்ணன் எடுத்தவை சுதந்திரமாகத் திரிந்த விலங்குகளின் படங்கள். அந்தச் சுதந்திரத்தைக் கெடுத்து எடுத்த படத்தில் காட்டுயிர் இருக்கும், காட்டு வாழ்க்கை இருக்காது.

கடைசி நாள்

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் காலமானார். வயது 83. அதே நாளில் கல்கத்தாவில் ‘ஸ்டேட்ஸ்மேன்’ அவர் பத்தியை அச்சிட்டு வந்திருந்தது. 1950-ல் ஆரம்பித்த கணக்கு, ஒரு தவணைகூடப் பாக்கி வைக்காத மாதிரி முடிந்தது.

அவர் மறைவுக்குப் பிறகு கட்டுரைத் தொகுதிகள் வந்தன. 2006-ல் படங்களும் எழுத்தும் சேர்ந்து ‘ஐ இன் த ஜங்கிள்’ என்று பெரிய புத்தகமாக வந்தது. இயற்கையைப் பற்றி எழுதும் இளைஞர்களுக்கு மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவர் பேரில் விருது கொடுக்கிறது.

சிறுவன் கிருஷ்ணன் பார்த்த நரியும் வெளிமானும் இன்று மயிலாப்பூரில் இல்லை. அந்தப் புதர்க்காட்டைக் கையில் போன் வைத்திருந்த யாரும் பார்க்கவில்லை, அதனால் அதற்குப் படமும் இல்லை. ராதாகிருஷ்ணன் சாலையிலும் சாந்தோமிலும் அணில், காக்கை, குயில் எல்லாம் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்ய இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் சூப்பர் பாண்டரோசாவைவிட நூறு மடங்கு வசதியான கருவி இருக்கிறது. பாக்கி இருப்பது, அதைத் தூக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது மட்டும்தான்.